ஒரே ஒரு கடலைதானே!

போன வருஷ நவராத்திரி. வேளச்சேரி விஜயநகரில் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக் கொலுவுக்கு வேர்க்கடலைச் சுண்டல். எதிர்வீட்டு நாலு வயதுப் பையனுக்குக் கடலை ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு பெரியம்மா ஒரே ஒரு கடலையை அவன் வாயில் வைத்தார். "கொஞ்சம் கொஞ்சமா குடுத்தாதானேம்மா பழகும்" என்றார். அத்தனையும் பாசம்தான்.

பத்து நிமிஷத்தில் பையனின் உதடு வீங்கியது. காது மடல் சிவந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். "அம்மா" என்று கூப்பிட்டபோது குரல் கரகரத்து வந்தது. யாரோ செட்ரிசின் சிரப் எடுக்க ஓடினார்கள். சிரப் அரிப்பைத்தான் குறைக்கும், அடைக்கிற மூச்சைத் திறக்காது. ஆஸ்பத்திரியில் தொடையில் போட்ட அட்ரினலின் ஊசிதான் அவனை மீட்டது.

"பழகும்" என்ற அந்தச் சொல்லோடுதான் என் சண்டை.

சண்டை புதிதல்ல. 1902-ல் பிரான்ஸில் சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியில் பிழைத்த நாய்க்குச் சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் கொடுத்தார்கள். உடம்பு பழகியிருக்க வேண்டும் அல்லவா? நாய் சிறிது நேரத்திலேயே செத்துப்போனது. பாதுகாப்புக்கு நேர்மாறானது என்ற பொருளில் ரிஷே அதற்கு 'அனஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்தார். 1913-ல் நோபல் பரிசும் வாங்கினார். நம் வீடுகளில் மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

ஒவ்வாமை உள்ள குழந்தையின் உடம்பு, கடலையின் புரதத்தை எதிரி என்று குறித்து வைத்திருக்கிறது. துளி பட்டாலும் போதும், சேமித்து வைத்த ரசாயனங்களை மொத்தமாக அவிழ்த்துவிடும். போன தடவை நாலு தடிப்போடு போயிற்று என்பதால் இந்தத் தடவையும் அப்படியே போகும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

பழகும் என்ற இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே விலகிவிடும். அந்தப் பெருமை கரண்டி பிடித்த பாட்டிக்குப் போய்விடுகிறது. கடலை ஒவ்வாமை அப்படிச் சுலபமாக விலகுவதில்லை. ஐந்து பேரில் ஒருவருக்கு விலகினாலே பெரிது.

படித்தவர்கள் வேறொன்றைக் காட்டுகிறார்கள்: கைக்குழந்தையிலேயே கடலை கொடுத்தால் ஒவ்வாமை வராதாமே? பெரும்பாலும் உண்மைதான். 2015-ல் லண்டன் மருத்துவர்கள் 640 குழந்தைகளை வைத்து அதை நிரூபித்தார்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்பே தோலில் சோதித்து, கடலைக்குப் பலமாகத் தடித்த குழந்தைகளை விலக்கிவிட்டார்கள். வராமல் தடுப்பது வேறு, வந்த பிறகு ஊட்டுவது வேறு. வந்தவர்களுக்கும் சிறுகச் சிறுகக் கொடுக்கும் சிகிச்சை உண்டு. மில்லிகிராம் கணக்கில், டாக்டர் பக்கத்தில் இருக்க, அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கத் தொடங்குகிற சிகிச்சை அது. கொலு வீட்டுத் தொன்னையில் நடக்கிற காரியமா அது?

பொட்டலத்தில் அடைத்து விற்கும் பண்டத்தில் வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை, மீன், சோயா இருந்தால் அச்சிட வேண்டும் என்பது 2020-ன் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. தொன்னைச் சுண்டலுக்கு லேபிள் ஏது? தேங்காய்ச் சட்னியில் வேர்க்கடலை அரைத்திருக்கிறதா என்று ஓட்டலில் கேட்கும் தாயை "ரொம்பப் பண்றா" என்கிறோமே, அவள் கேட்பது பிள்ளையின் மூச்சுக்காக. அவளுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். உதடு வீங்கி, வாந்தியோ இளைப்போ கூடச் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். பிள்ளையை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த வருஷக் கொலுவுக்கு அந்தப் பெரியம்மா, பையன் வழக்கமாகச் சாப்பிடும் பச்சைப்பயறில் சுண்டல் செய்திருந்தார். "வாணலி புதுசும்மா, கரண்டியும் புதுசு" என்று அவன் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அவள் தலையசைத்த பிறகுதான் தொன்னையை நீட்டினார்.