கே.ஜி.எஃப்... இது யஷ் படம் இல்லை பாஸ்!

முழங்கால்ல அடிபட்டா தழும்பு வரும். 'மேட்ச்ல டைவ் அடிச்சப்போ விழுந்தது மச்சி'னு சீன் போடலாம். அதே தழும்பு நுரையீரலுக்குள்ள விழுந்தா? அதுக்குப் பேர்தான் ஃபைப்ரோசிஸ். ஸ்பாஞ்ச் மாதிரி விரிஞ்சு சுருங்க வேண்டிய இடம், தேங்காய் நார் மாதிரி விறைச்சுப் போயிடும். காரணமே தெரியாம வர்ற வகைக்கு 'இடியோபதிக்'னு அடைமொழி வேற. ('எங்களுக்கும் தெரியலை'ங்கிறதை டாக்டர்கள் ஸ்டைலா சொல்றது!) சிகிச்சை இல்லாவிட்டால், நோயைக் கண்டுபிடித்த 3 முதல் 5 வருடங்களுக்குள் பாதிப் பேர் இறந்துபோகிறார்கள்.

2014-ல் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்கா ஓ.கே. சொன்னது. இரண்டுமே தழும்பு பரவுகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். விழுந்த தழும்பை அழிக்காது.

'அப்போ புது செல்லை வளர்க்க வேண்டியதுதானே?'னு கேட்கிறீங்களா? அங்கேதான் நம்ம ஹீரோ என்ட்ரி. கெரட்டினோசைட் குரோத் ஃபேக்டர்... சுருக்கமா கே.ஜி.எஃப்.! ஒரு செல் இன்னொரு செல்லுக்கு 'வளருப்பா'ன்னு அனுப்புற எஸ்.எம்.எஸ். மாதிரியான புரதம். 1989-ல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். பேர் என்னவோ தோல் செல்லோடது. ஆனால், கிடைத்தது மனிதக் கருவின் நுரையீரல் செல்கள் வளர்ந்த திரவத்தில்! நம்ம காற்றுப்பைகளில் 'டைப் 2'னு ஒரு செல் இருக்கு. சுவரில் ஓட்டை விழுந்தால் இது பெருகி, மெல்லிசான 'டைப் 1' செல்லாக மாறி ஒட்டுப் போடும். கே.ஜி.எஃப். அந்த டைப் 2-வைத்தான் உசுப்பிவிடுகிறது.

புரதத்தை ஊசியில் ஏற்றினால் சீக்கிரமே கரைந்து காணாமல் போய்விடும். அதனால் அதைத் தயாரிக்கிற ஜீனையே உள்ளே அனுப்பலாம் என்பது ஐடியா. பார்சல் சாப்பாட்டுக்குப் பதிலா சமையல்காரரையே அனுப்பி வைக்கிற மாதிரி.

சரி, சமைக்க ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்லைன்னா?

1995-ல் கே.ஜி.எஃப். ஜீன் நுரையீரலில் ஓயாமல் வேலை செய்யும்படி எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். நுரையீரல் கன்னாபின்னாவென்று வளர்ந்து, குட்டிகள் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டன. 1997-ல் கனடாவில் இன்னொரு கதை. டி.ஜி.எஃப். பீட்டா என்ற வேறொரு வளர்ச்சிக் காரணியின் ஜீனை வைரஸ் மூலம் எலி நுரையீரலுக்கு அனுப்பினார்கள். ஜீன் வேலை செய்தது சில நாட்கள்தான். தழும்போ வாரக்கணக்கில் அப்படியே நின்றது. அதாவது, நோயைக் குணமாக்க நினைக்கிற அதே டெக்னிக்கை வைத்து நோயையே உருவாக்க முடிந்தது!

அதனால்தான் 2009-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எலும்பு மஜ்ஜை செல்லுக்குள் கே.ஜி.எஃப். ஜீனை வைத்து, கூடவே ஒரு சுவிட்சையும் வைத்தார்கள். ஜீனைச் சுமந்து போனது லென்டிவைரஸ். ஹெச்.ஐ.வி. சேர்ந்த குடும்பம்தான். ஆனா, நோய் உண்டாக்குற பகுதிகளைக் கழற்றிட்டு, கூரியர் வேலைக்கு மட்டும் எடுத்துக்கிட்டாங்க. சுவிட்ச் எது தெரியுமா? டாக்ஸிசைக்ளின்! முகப்பருவுக்கு எழுதித் தர்றாங்களே, அதே ஆன்டிபயாடிக். அதைக் கொடுத்தால் ஜீன் ஆன், நிறுத்தினால் ஆஃப். ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தால் நுரையீரலைப் புண்ணாக்கிய எலிகளில் தழும்பு குறைந்தது. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல் வழியாக ஜீன் போனபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

உடனே விசில் அடிக்காதீங்க. 2017-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நுரையீரல் திடீரெனச் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த 60 நோயாளிகளில் ஒரு பாதிக்குக் கே.ஜி.எஃப். புரதத்தை நரம்பில் ஏற்றினார்கள். ஆக்சிஜன் நிலை தேறவில்லை. மருந்து கொடுத்த பக்கம்தான் இறப்பும் அதிகம். எண்ணிக்கை சின்னது என்பதால் மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, அது புரதம். வேண்டாம்னா ஊசியை எடுத்துடலாம். உள்ளே போய் உட்கார்ந்த ஜீனை எப்படி எடுப்பீங்க? சுவிட்ச் இல்லாத ஜீனை மனுஷனுக்குள்ள அனுப்புறது, என்னைக் கேட்டா, பிரேக் இல்லாத பைக்கை மலை உச்சியில் ஸ்டார்ட் பண்ற மாதிரி.

சுவிட்சே இருந்தாலும் இன்னொரு சிக்கல். 1990-களில் எலிகளில் கே.ஜி.எஃப். புரதம் கலக்கியது, பெரும்பாலும் காயத்துக்கு முன்னாடியே கொடுத்தபோதுதான். லேப் எலிக்கு எந்தத் தேதியில் புண்ணாகும்னு காலண்டர்ல குறிச்சு வைக்கலாம். படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட வர்றவருக்குத் தழும்பு எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்? அவருக்கு எந்த நாள் சுவிட்ச் போடுறது?