புல்லின் ஜாதகம்

கோடையில் உதகமண்டலம் செல்லும் குடும்பத்தார், 1848-ல் அமைக்கப்பெற்ற தாவரத் தோட்டத்தின் மலர்களைக் கண்டு களித்துத் திரும்புகின்றனர். காய்ந்த புல்லைக் காண எவரும் மலையேறுவதில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரிலே, அரசாங்கத் தாவர சாஸ்திரியான லாஸன் துரையின் பொறுப்பில், உலர்ந்த செடிகளின் பெருஞ் சேகரம் ஒன்று இருந்தது. பின்னர் மலையிறங்கிக் கோயம்புத்தூரை அடைந்த அச்சேகரமே இன்று இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் பாதுகாப்பிலுள்ள 'மதராஸ் ஹெர்பேரியம்'.

அது இறங்கி வந்த சமவெளியோ வறண்டது. தென்மேற்குப் பருவ மேகங்கள் மலையின் மேற்குப் புறத்திலேயே பெரும்பாலும் பொழிந்து தீர்ந்துவிடுகின்றன. அந்த வறட்சியின் செல்வம் கொழுக்கட்டைப் புல். காங்கயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள், வெள்வேல மர நிழலில், இப்புல்லை மேய்ந்தே அப்பக்கத்துக் காளைகள் பேர்பெற்றன.

1921-ல் கோவை விவசாயக் கல்லூரியின் கே. ரங்காச்சாரியார் தென்னிந்தியப் புற்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இதன் சாஸ்திரப் பெயர் 'பென்னிசெட்டம் சென்கிராய்டீஸ்'. இன்றோ 'சென்கிரஸ் சிலியாரிஸ்'. பெயர் மாறினும் சேகரத்தின் ஏடு மாறுவதில்லை. அழுத்தி உலர்த்திய புல்லைத் தடித்த தாளில் பொருத்தி, மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். அச்சீட்டே புல்லின் ஜாதகம். அஃதின்றேல் அது வெறும் வைக்கோல்.

இந்த ஜாதகத்தால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சொந்தமான இப்புல், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிஸோனாவிலும் மேய்ச்சலுக்கெனப் பரப்பப்பட்டது. அங்கே அது காட்டுத் தீக்கு இரையாகி அதனை வளர்ப்பதோடு, அம்மண்ணின் செடிகளையும் நெருக்கி அழிக்கிறது. இங்கே நம்மைப் பேணும் புல், அங்கே ஆக்கிரமிப்பாளன்! எந்தப் புல் எந்த மண்ணுக்கு உரியது, எப்போது வந்து சேர்ந்தது என்ற வழக்கில், பழைய ஏடுகளே நடுநிலை தவறாத சாட்சி.

நம் கொறங்காடுகளிற் பல இன்று வீட்டு மனைகளாகி வருகின்றன. நிலம் போனபின் அங்கு வளர்ந்தது இன்னதென்று சொல்ல, யாரேனும் முன்கூட்டிக் குறித்து வைத்திருக்க வேண்டும். விடுமுறையில் நம் குழந்தைகள் வீட்டருகே முளைத்த ஒரு புல்லைப் பழைய செய்தித்தாளிடையே அழுத்தி உலர்த்தட்டும். இடமும் தேதியும் தம் கையாலேயே எழுதட்டும். பூவைப் போற்றப் பலர் உண்டு. புல்லுக்குச் சாட்சி சொல்ல நாமேனும் இருப்போமாக.