கண்ணைக் கட்டிக் காட்சி எழுதும் கல்வி

பத்தாம் வகுப்புத் தமிழ்த்தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்றொரு வினா உண்டு. படமொன்றைக் கண்ட பிள்ளை, தன் உள்ளத்து எழுவதைத் தன் சொல்லால் எழுதுதல் வேண்டும். நோக்கம் நன்றே. நெட்டுருவால் மரத்துப்போன தமிழ் வகுப்பில் ஓர் ஒளிப்படம் பலகணியைத் திறந்துவிடும். (புகைப்படம் என்பாரும் உளர், படத்தில் புகையை எங்குக் கண்டனரோ!)

நடப்பதோ வேறு. உழவன் படமாயினும் ஊஞ்சல் படமாயினும் எதற்கும் ஒட்டுமாறு முன்னரே யாத்த வரிகளைத் துணைநூல் வணிகர் விற்கின்றனர். ஆசிரியர் அவற்றை உருப்போடச் செய்கின்றனர். பிள்ளை படத்தை ஏறெடுத்தும் பாராமல் எழுதுகிறது. மதிப்பெண்ணும் வந்து விழுகிறது! இக்கயமைக்குத் தமிழ்க்கல்வி என்று பெயர்!

நம் முன்னோர் கண்டு பாடினர். செந்நிலத்தில் மழைநீர் கலக்கக் கண்டவர் செம்புலப்பெயல்நீரார்; மாந்தர் நீங்கிய முற்றத்தில் அணில் ஆடக் கண்டவர் அணிலாடு முன்றிலார்; இருபுறமும் யானைகள் பற்றியிழுக்கும் தேய்ந்த கயிற்றைக் கண்டவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். இயற்பெயர் மறைந்தது, கண்ட காட்சியே பெயராய் நின்றது. உருப்போட்ட வரிகளை எழுதும் நம் பிள்ளைக்கு என்ன பெயர் நிற்கும்?

எம் ஆரணியையே எடுத்துக்கொள்வோம். பட்டுத்தறியின் ஓசையில் வளர்ந்த பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளிகளில் உளர். அவர்முன் ஒரு குழித்தறியின் ஒளிப்படத்தை வைத்து வாளா இருங்கள். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, மிதி எனச் சொற்கள் தாமே வரும். தாய் தார் சுற்றும் விரைவும், பாவில் இழை அறுந்தால் தந்தை முகம் சுருங்குவதும் வரும். இவை எந்தத் துணைநூலில் உள்ளன? படத்தில் இல்லாத இழைமுடிச்சையும் அப்பிள்ளை எழுதும், அதுவே புனைவு. நூல் என்னும் சொல் இழைக்கும் ஏட்டிற்கும் பொது. நூல் யாத்தலை இழை நூற்றலோடு ஒப்பிட்டார் நன்னூலார். அவ்வுவமை ஆரணிப் பிள்ளைக்கு விளங்குவதுபோல் யாருக்கு விளங்கும்?

ஆயினும் அப்பிள்ளையின் நாவிலும் இன்று கரை 'பார்டர்' ஆயிற்று. நிறம் 'கலர்' ஆயிற்று. பாட்டி சொன்ன முந்தி மட்டும் எஞ்சியுள்ளது. கைத்தறிகள் ஓயுந்தோறும் அவற்றின் சொற்களும் ஓய்கின்றன. அவற்றை ஏட்டில் ஏற்றத்தக்க பிள்ளைக்கோ, காணாத மலையருவியின் படத்தைக் காட்டி, எவரோ எழுதிய வரிகளை ஓதுவிக்கிறோம்!

தமிழாசிரியத் தோழர்களே, அவ்வரிகளை வகுப்பிற்குள் விடாதீர். நும் ஊர்த் தெருவை ஒளிப்படமாக்கிச் சுவரில் மாட்டுங்கள். பிழை மலிந்திருப்பினும் பிள்ளை தானே கண்டு எழுதிய மூன்று வரிக்கு மதிப்பெண் தருக. இரு விடைத்தாளில் ஒரே வரிகள் வரின் இரண்டிற்கும் சுழியம் இடுக.