வண்டி ஓடட்டும்

பழைய கூண்டு வண்டியை வாங்கி, வார்னிஷ் அடித்து, ஓட்டல் வாசலிலும் பண்ணை வீட்டுப் புல்வெளியிலும் நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்க்க அழகுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

உத்திரமேரூர்ப் பக்கம் நம் வயதுக்காரர்களுக்குக் கூண்டு வண்டி என்றால் பயணம். வைகாசியில் காஞ்சி வரதர் கருட சேவைக்கு, வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்றோடு கிளம்புவோம். ஏறத்தாழ 30 கி.மீ.; மாட்டு நடைக்கு ஒரு ராத்திரி.

'எதையும் மாற்றினால் பழமை கெட்டுவிடும்' என்பவர்களும் உண்டு. குலுங்காமலிருக்க இரும்பு வில் வைத்ததும் மாற்றம்தானே? 'வில் வண்டி' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோமே! அச்சுக்கு பேரிங் வைத்தால் மாட்டுக்குச் சுமை குறையும். தாராளமாக வையுங்கள். பாரம் ஏற்றுகிறவர் டயர் போட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

ஆள் ஏறும் கூண்டு வண்டிக்கு மட்டும் மரச்சக்கரமே இருக்கட்டும். குடம், ஆரக்கால், வட்டை மூன்றையும் ஆசாரி கோத்து முடித்தபின், சக்கரத்தைவிடச் சற்றே சிறிய இரும்புப் பட்டையை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் விரிந்த பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரம் முழுவதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பது கைப்பழக்கத்தில் வரும் கணக்கு. வேலை கொடுப்பவர் இல்லையென்றால் அது இந்தத் தலைமுறையோடு போய்விடும்.

ஆகவே, பெயின்டுக்குச் செலவழிக்கும் பணத்தைப் பட்டறைக்குக் கொடுங்கள். காணும் பொங்கலன்றாவது மாடு பூட்டி, பேரப்பிள்ளைகளை ஏற்றி ஏரிக்கரை வரை ஓட்டுங்கள். அச்சுக்கு மை போடாத வண்டி வெறும் மரச்சாமான்தான்.