என் வீட்டுக்கு நிரந்தர முகவரி இல்லையா?

கடந்த ஆண்டு ரொறன்ரோவில் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை எழுத முற்பட்டேன். அதற்கு வேண்டிய பழைய பத்திரிகை நறுக்குகள் யாவும் கொழும்பில் என் வீட்டுக் கணினியில் இருந்தன. கணினி இயங்கிக்கொண்டிருந்தது. இணைய இணைப்புக்கான மாதக் கட்டணமும் தவறாமல் செலுத்தப்பட்டிருந்தது. ஆயினும் என் வீட்டுக் கதவை என்னாலேயே தட்ட முடியவில்லை. வீட்டின் ஐ.பி. முகவரி மாறிவிட்டிருந்தது.

நாடு திரும்பியதும் சேவை நிறுவனத்தை விசாரித்தேன். நிலையான முகவரி வர்த்தக வாடிக்கையாளருக்கு மட்டுமே என்றார்கள். வீட்டுக்காரன் என்றால் நாடோடியாகத்தான் இருக்க வேண்டும் போலும்!

இதற்கு டைனமிக் டி.என்.எஸ். என்றொரு மாற்றுவழி உண்டு. முகவரி மாறும்போதெல்லாம் வீட்டிலுள்ள ஒரு சிறு மென்பொருள் புதிய முகவரியை ஒரு பெயர்ப் பதிவேட்டுக்கு அறிவிக்கும். நாம் பெயரைச் சொல்லி அழைத்தாற் போதும். ஆனால் அந்தப் பதிவேடு இன்னொருவர் கையில் இருக்கிறது. டின் நிறுவனம் 2014 மே மாதத்தில் தன் இலவச சேவையை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் மைக்ரோசொப்ட் நிறுவனம், தீய மென்பொருளை ஒழிப்பதாகக் கூறி, அமெரிக்க நீதிமன்ற ஆணையுடன் நோ-ஐ.பி. நிறுவனத்தின் பெயர்க் களங்களைக் கைப்பற்றியது. ஒரு குற்றமும் செய்யாத பலரின் வீட்டுப் பெயர்களும் சில நாட்கள் முடங்கின.

அந்த வழியையும் முயன்று பார்த்தேன். பயனில்லை. என் ரூட்டரின் வெளிமுகவரி 100.64 எனத் தொடங்கியது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் நிறுவனங்களுக்கென 2012 இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. அந்தப் பொது முகவரிக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்குரியது என்பது யாருக்கும் தெரியாது.

முகவரிகளுக்குப் பஞ்சம் என்கிறார்கள். பழைய முறையில் அது உண்மையே. 32 பிட் கொண்ட முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. உலகக் களஞ்சியத்தின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி பங்கிடப்பட்டுவிட்டன. ஆனால் 128 பிட் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பின் தரநிலை 1998 இலேயே வெளியானது. அதில் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீடுகளுக்கு மாறாத முகவரித் தொகுதியை வழங்குவதே சிறந்தது என ஐரோப்பாவின் ரைப் சமூகம் 2017 இல் வெளியிட்ட 690 ஆம் இலக்க ஆவணம் பரிந்துரைத்தது. அப்படியிருந்தும் புதிய முறையிலும் முகவரியை மாற்றிக்கொண்டிருப்பது பஞ்சமல்ல, பழக்கதோஷம். நிலையான முகவரியைத் தனி விலைக்கு விற்கலாம் என்ற வியாபாரக் கணக்கும் அதில் உண்டு.

கதவைத் திறந்தால் திருடன் வருவானே என்பர் சிலர். வருவான்தான். 2016 இல் மிராய் என்ற தீய மென்பொருள், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களைப் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அதற்காகக் கதவையே பெயர்த்தெடுப்பதா? நல்ல பூட்டைப் போடுவோம். கமராவை நேரடியாக வெளியே காட்டாமல் வயர்கார்ட் போன்ற மறைகுறியாக்கப்பட்ட வழியொன்றை மட்டும் திறந்து வைப்போம். முகவரி மாறுவது அந்தரங்கத்துக்குக் காவல் என்று வாதிடுவோரும் உண்டு. விரும்பியவருக்கு மாறட்டும். தெரிவு வாடிக்கையாளருடையதாக இருக்கட்டும்.

கமரா நிறுவனத்தின் செயலி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்க்க முடிந்தது என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023 இல் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. இடைத்தரகனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தவன் பிறகு எதை ஒளிக்க முடியும்?

ஆகவே அடுத்த முறை இணைய இணைப்புக்கு ஒப்பமிடும்போது வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆறாம் பதிப்பு உண்டா, முகவரித் தொகுதி மாறாதா, வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கிறீர்களா என்று கேளுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாம் இன்னும் அழவே தொடங்கவில்லை.