பெங்களூரு எல்லோருக்கும் ஒரு கார்டு தரட்டும்

ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம் என்று பெங்களூரு முழுக்கப் பரவியிருக்கும் என் தமிழ் உறவுகளுக்கு,

ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது நியூயார்க்கில், ஜாக்சன் ஹைட்ஸில் குடியிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். பெங்களூருவில் குடியிருக்கும் யாருக்கும், அவர் எந்த ஊர், எந்த நாடு என்று பார்க்காமல், 'இவர் இந்த நகரத்தில் வசிக்கிறார்' என்று மாநகராட்சியே ஒரு அடையாள அட்டை தர வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

நான் இருக்கும் ஊரில் அது நடைமுறையில் இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கினார்கள். பெயர் ஐடிஎன்ஒய்சி. விசா இருக்கிறதா, குடியுரிமை இருக்கிறதா என்று விண்ணப்பத்தில் கேள்வியே கிடையாது. ஆளைக் காட்ட சொந்த நாட்டுப் பாஸ்போர்ட், முகவரியைக் காட்ட ஒரு கரண்ட் பில் போன்றவை போதும். வீடில்லாதவர்கள் தங்குமிடத்துக் கடிதத்தைக் காட்டலாம். பணம் வாங்குவதில்லை. போலீஸ் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், நகர அலுவலகங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கிவிட்டார்கள். குடியுரிமை உள்ளவர்களும் வாங்குகிறார்கள், நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதுவே பயன்படுகிறது என்பதால். எல்லோர் பையிலும் இருப்பதால்தான் அதைக் காட்டுகிறவர் மீது சந்தேகம் விழுவதில்லை. இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எங்கள் தெரு உணவகத்தில் தந்தூர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வங்கதேசத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். மகளின் பள்ளிக்கூட வாசலில் காவலாளி ஐ.டி. கேட்பார். இவரிடம் இல்லை. மனைவிதான் உள்ளே போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வருவார், இவர் நடைபாதையிலேயே நிற்பார். கார்டு வந்த பிறகு இவரே போகிறார். எண்ணெய்ப் பிசுக்கு படாமலிருக்க அதை பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பின்புறத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணாக மகளின் எண்.

அந்தக் கார்டு அவரை நாடு கடத்தலிலிருந்து காப்பாற்றாது. நாடு கடத்துவது அமெரிக்க மத்திய அரசின் அதிகாரம், நகரம் அதில் கைவைக்க முடியாது. அமெரிக்காவில் இதை முதலில் செய்த நியூ ஹேவன் நகரம் 2007 ஜூன் 4 அன்று ஒப்புதல் கொடுத்தது. இரண்டே நாளில் குடிவரவு அதிகாரிகள் வீடு வீடாக நுழைந்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். அப்படியும் நகரம் பின்வாங்கவில்லை, அடுத்த மாதமே கார்டு கொடுத்தது. நியூயார்க்கில் வேறு சிக்கல் வந்தது. விண்ணப்பித்தவர்களின் ஆவண நகல்களை நகரம் சேர்த்து வைத்திருந்தது. 2016 தேர்தலில் டிரம்ப் ஜெயித்ததும், அந்த நகல்கள் யார் கைக்குப் போகுமோ என்ற பயம் எங்கள் பகுதியை ஆட்டிவைத்தது. அவற்றை அழிக்கக் கூடாது என்று இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் நீதிபதி நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். புதிதாக விண்ணப்பிப்பவர்களின் நகல்களை இப்போது நகரம் வைத்துக்கொள்வதில்லை. நாம் பெங்களூருவில் கேட்கும்போதும் இந்த நிபந்தனையோடுதான் கேட்க வேண்டும்: காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், சேர்த்து வைக்காதீர்கள்.

ஆதார் இருக்கும்போது இன்னொரு கார்டு எதற்கு என்பீர்கள். தருமபுரியிலிருந்து வந்து பெங்களூருவில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கும். வாடகை அக்ரிமென்ட் எழுதித் தர ஓனர் மறுப்பார். முகவரியை மாற்றுவது அவளுக்கு எளிதில்லை. 2023 ஜூன் 11 முதல், கர்நாடக முகவரி காட்டும் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லை. இவள் மட்டும் பையைத் துழாவிச் சில்லறை எடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவளும் அதே அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்கிறவள்தான்.

நம் நகரத்துக்கு இது புதிதும் இல்லை. குப்பை பொறுக்குகிறவர்களுக்கு மாநகராட்சி முத்திரையோடு அடையாள அட்டை கொடுக்கும் வேலை 2011 வாக்கில் பெங்களூருவில் தொடங்கியது. அந்தத் தொழிலாளர்களோடு நின்று அதை வளர்த்தது 'ஹசிரு தள' அமைப்பு. விடியற்காலையில் கோணியோடு தெருவில் நடப்பவரைத் திருடன் என்று நிறுத்தினால், காட்டுவதற்குக் கையில் ஒன்று இருந்தது. அந்த வேலை செய்பவர்களில் தமிழர்கள் ஏராளம் என்பது உங்களுக்கே தெரியும். 2017 ஆகஸ்ட் 16 அன்று திறந்த இந்திரா கேன்டீனில் ஐந்து ரூபாய்க்குச் சிற்றுண்டி தருவதற்கு முன் யாரும் ஆதார் கேட்டதில்லை. சோறு போடும்போது ஊர் கேட்காத நகரம்தான் நம்முடையது.

ஆனால் 2020 ஜனவரியில் பெல்லந்தூர் பக்கம் கரியம்மன அக்ரஹாரத்தில் என்ன நடந்தது? வங்கதேசத்தவர் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி ஷீட் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்தவர்கள் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் தூக்கிக் காட்டினார்கள். அசாம்காரர்கள், திரிபுராக்காரர்கள், வட கர்நாடகத்திலிருந்தே பிழைக்க வந்தவர்கள். பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் தடை விதிப்பதற்குள் அடுப்பும் பாத்திரமும் மண்ணுக்குள் போய்விட்டன. அத்தனை காகிதம் இருந்தும், 'இவர்கள் எங்கள் நகரத்தில் வசிப்பவர்கள்' என்று சொல்ல நகரத்தில் ஒரு அலுவலகமும் இல்லை. மாநகராட்சியே கார்டு கொடுத்திருந்தால், கொடுத்த கையாலேயே புல்டோசர் அனுப்புவது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

அங்கே உண்மையிலேயே வங்கதேசத்தவர் நாலு பேர் இருந்திருந்தால்? அவர்கள் இந்த நாட்டில் தங்கலாமா கூடாதா என்பதை நீதிமன்றமும் மத்திய அரசும் முறைப்படி முடிவு செய்யட்டும். அதுவரை அவர்களுடைய பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டும். கூலி கொடுக்காத மேஸ்திரி மேல் புகார் கொடுக்க, பயமில்லாமல் ஸ்டேஷன் படியேற வேண்டும். புகார் கொடுக்க முடியாதவனைத்தான் அரைக் கூலிக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதில் அடிபடுவது அவன் கூலி மட்டுமா? பக்கத்தில் சித்தாள் வேலை பார்க்கும் நம் பெண்ணின் கூலியும்தான்.

'வந்தேறிகளுக்கு எதற்கு' என்று நம்மவர்களே வாட்ஸ்அப்பில் எழுதுவதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. 1991 டிசம்பரை மறந்துவிட்டோமா? காவிரித் தீர்ப்பை ஒட்டி நகரம் எரிந்தபோது நம் வாயிலிருந்து வரும் பேச்சை வைத்தே நம்மைத் தேடினார்கள். அப்பா கடைப் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டார். ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டர் லிஸ்டில் பெயரும் இருந்தது. கல்லோடு வந்தவர்கள் அதைப் படித்துப் பார்க்க வரவில்லை. கலவரம் ஓய்ந்து திரும்பி வந்த ஏழைகளில் பலரிடம், எரிந்த குடிசை தங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அல்சூரில் வள்ளுவர் சிலையே 18 ஆண்டுகள் மூடியபடி நின்று 2009இல்தானே வெளிச்சத்தைப் பார்த்தது. 'யாவ ஊரு' (எந்த ஊர்) என்று மிரட்டிக் கேட்கப்பட்டவர்கள் நாம். இன்னொருவரிடம் அதே தொனியில் கேட்க நமக்கு எப்படி மனசு வரும்?

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. புது அலுவலகங்கள், புது விதிகள். எதுவும் இறுகிப்போகும் முன் கேட்பது நல்லது. தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் போடுங்கள். தமிழர்கள் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டாம். கன்னட நண்பர்களையும், கரியம்மன அக்ரஹாரத்தின் அசாம் தொழிலாளிகளையும், கலபுரகி, ராய்ச்சூரிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்களையும் கூப்பிடுங்கள். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். கட்டணம் கூடாது, நாட்டைக் கேட்கக் கூடாது, நகல் வைக்கக் கூடாது, போலீசும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் ஏற்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த மனுவில் கையெழுத்து வாங்குங்கள். இங்கே நகர மன்றம் இயற்றிய சட்டத்தின் நகலையும் விண்ணப்பப் படிவத்தையும் நான் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஸ்ரீராமபுரத்துப் பெண்