தடைப் பலகை இருக்கிறது. குளிக்க இடம் எங்கே?

கோடை விடுமுறை பிறந்ததும் சென்னை மக்கள் தண்ணீரைத் தேடிக் கிளம்புகிறார்கள். காரிலும், வேனிலும், மோட்டார் சைக்கிளிலும் குடும்பம் குடும்பமாகப் பயணம். புளிசாதம் தயார். துண்டும் மாற்றுத் துணியும் தயார். எங்கே இறங்கிக் குளிப்பது? அதுதான் கேள்வி.

நகருக்குள் கூவமும் அடையாறும் ஓடுகின்றன. அவற்றில் கால் நனைக்கவும் மனம் வராது. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி ஏரிகளின் தண்ணீர் குடிநீருக்காகச் சேர்த்து வைக்கப்படுவது. அங்கே குளிக்கக் கூடாது என்பது நியாயமான தடை. ஊரார் குடிக்கும் தண்ணீர் அல்லவா?

மிஞ்சுவது கடல், மலை அருவி, கல்குவாரிக் குட்டை ஆகியவைதான்.

கடல் இழுப்பது எப்படி?

மெரினாவில் கடலில் இறங்கிக் குளிக்கத் தடை உண்டு. போலீசாரும் எச்சரிக்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்களை எண்ணி முடியாது.

"அலைதானே! கரைக்குத்தானே தள்ளும்!" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அலை கொண்டு வந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே! அது ஒரு குறுகிய வழியில் ஒன்று சேர்கிறது. ஆறு போல வேகமாகக் கடலுக்குள் ஓடுகிறது. அந்த இடத்தில் அலை அதிகமாக உடையாது. பார்வைக்கு அமைதியாக இருக்கும். குழந்தைகளை விளையாட விட ஏற்ற இடம் என்று தோன்றும். அதுதான் மிக மோசமான இடம்!

அந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்குவதில்லை. கரையிலிருந்து தூரமாகக் கொண்டு போகிறது. சிக்கியவர் பயந்துபோய், கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுகிறார். கை ஓய்ந்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால், கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். இந்த யோசனை நீந்தத் தெரிந்தவருக்குத்தான். தெரியாதவர் கணுக்காலோடு நின்றுகொள்வதே நல்லது.

தெற்கே சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில் கோவளம் இருக்கிறது. அந்தக் கடற்கரைக்கு 2021-ம் ஆண்டில் "நீலக்கொடி" கிடைத்தது. டென்மார்க் நாட்டில் தலைமை அலுவலகம் உள்ள ஓர் அமைப்பு இதைக் கொடுக்கிறது. தண்ணீரைச் சோதிக்க வேண்டும், உயிர் காக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். கொடி பறப்பதால் கடல் அடங்கிவிடாது. காவலர் இருக்கும் நேரத்தில், குறித்த எல்லைக்குள் குளித்தால்தான் கொடியால் பயன் உண்டு.

மலை ஏறினால்...

வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டினால் அருவிகள் இருக்கின்றன. நாராயணவனம் அருகே கைலாசகோனை அருவி. ஆண்டு முழுவதும் தண்ணீர் விழுகிறது. சிவன் கோவிலும் உண்டு. குடும்பத்தோடு போக ஏற்ற இடம்.

உப்பலமடுகு என்னும் தடா அருவி அப்படி அல்ல. காட்டு வழியே நடக்க வேண்டும். பாறை வழுக்கும். குழிகள் ஆழம். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில், கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சோற்று மூட்டையைக்கூட எடுக்கக் கூடாது. உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும்.

கல்குவாரி ஆபத்து

எல்லாவற்றிலும் கொடியது கைவிடப்பட்ட கல்குவாரி. பல்லாவரம், குன்றத்தூர் பக்கங்களில் இவை இருக்கின்றன. மழைநீர் நிறைந்து நீலமும் பச்சையுமாக மின்னும். கட்டணம் இல்லை, கேட்பார் இல்லை. அதனால் பள்ளிப் பிள்ளைகளும் வாலிபர்களும் அங்கே போகிறார்கள்.

குளத்துக்குப் படி உண்டு. ஆற்றுக்குச் சரிவான கரை உண்டு. குவாரிக்கு இரண்டும் இல்லை. ஓர் அடி முழங்கால் ஆழம்; அடுத்த அடி பல ஆள் ஆழம்! 2017-ம் ஆண்டுப் பஞ்சத்தில், சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்தம் செய்து சென்னைக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். ஒரு பட்டணத்துக்குக் கொடுக்கும் அளவு தண்ணீர் என்றால் ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒருவர் மூழ்கினால், காப்பாற்றக் குதித்தவரும் மூழ்குகிறார். அண்ணன், தம்பி, சிநேகிதன் என்று அடுத்தடுத்து உயிர் போகிறது. குதிக்காமலே காப்பாற்ற வழி உண்டு. வேட்டி, சேலை, கயிறு எதையாவது வீசலாம். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒரு ஆளை மிதக்க வைக்கும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்த வேண்டும். 108-க்கு போன் செய்ய வேண்டும்.

தடை மட்டும் போதுமா?

இந்தியாவில் ஆண்டுதோறும் 30 ஆயிரம் பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். உலகத்தில் 2021-ம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தடைப் பலகைகள் குறைவாக இருப்பதா இதற்குக் காரணம்? இல்லை. "இங்கே குளிக்காதே" என்று எழுதும் அதிகாரிகள், "அங்கே குளி" என்று ஓர் இடத்தைக் காட்டுவது அபூர்வம். கடற்கரையில் விரட்டப்பட்ட பையன் வீட்டுக்குப் போவதில்லை. குவாரிக்குப் போகிறான்.

பாரிஸ் நகரில் சென் ஆற்றில் குளிக்க 1923-ம் ஆண்டில் தடை போட்டார்கள். சுமார் 140 கோடி யூரோ செலவில் ஆற்றைச் சுத்தம் செய்து, 2025-ம் ஆண்டு ஜூலையில் 3 இடங்களைத் திறந்துவிட்டார்கள். காவலர் உண்டு. தண்ணீர் கெட்டால் சிவப்புக் கொடி.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வங்காளதேசத்தில் கிராமக் குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கும் இது புதிது அல்ல. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தகப்பனார் பிள்ளையைக் கிணற்றில் இறக்கிய காலம் உண்டு. சென்னையில் அந்தக் கிணறுகள் தூர்ந்து வீடுகள் ஆகிவிட்டன. சுற்று வட்டாரக் கிராமங்களில் குளமும் படித்துறையும் இன்னும் இருக்கின்றன. நீச்சலில் கைதேர்ந்த மீனவர்கள் காசிமேட்டிலிருந்து கோவளம் வரை இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, விடுமுறை மாதங்களில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை ஊராட்சிகள் அடுத்த கோடையிலேயே தொடங்கலாம்.